தைராய்டு அழற்சியோடு வந்த புற்றுநோய்: எந்த நிணநீர் முடிச்சை எடுப்பது, எதை விடுவது

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சி உள்ளவரின் கழுத்தில் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருப்பது வழக்கமாகக் காணும் ஒன்று. தைராய்டு புற்றுநோய் உள்ளவரின் கழுத்தில் முடிச்சுகள் வீங்கியிருந்தால் புற்று பரவியிருக்குமோ என்ற ஐயம் எழுவதும் இயல்பு. இவ்விரண்டு நோய்களும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும்போது, ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு வீக்கத்துக்கும் இரண்டு விளக்கங்கள் கிடைக்கின்றன. எதை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து அறுவையின் அளவும், அதன் பின் நோயாளி வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரும் பின்விளைவுகளும் மாறிவிடுகின்றன. அழற்சி உள்ள கழுத்தில் முடிச்சின் பருமனையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து அறுவையின் எல்லையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும், கழுத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே சான்று தேடி, சான்று உள்ள இடத்தில் முழுமையாகவும் இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டோடும் கத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்பதுமே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

இங்கே விவரிக்கப்படும் நோயாளி தனியொருவர் அல்லர். இவ்வகை நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளை ஒன்றுசேர்த்துக் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்களும் அந்த நோக்கத்தோடு அமைக்கப்பட்டவையே. மருத்துவ வழிகாட்டுதல்கள், ஆய்வு முடிவுகள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப்படுபவை உள்ளபடி உள்ளவை.

நோயாளி வந்த நிலை

38 வயதான பள்ளி ஆசிரியை. இரண்டு குழந்தைகளின் தாய். தைராய்டு குறைசுரப்புக்காக 7 ஆண்டுகளாக தைராய்டு இயக்குநீர் மாத்திரையான லெவோதைராக்சினை நாள்தோறும் 75 மைக்ரோகிராம் எடுத்துவருகிறார். கழுத்தின் இடப்பக்கத்தில் சிறு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டதால் ஸ்கேன் எடுக்கப்பட்டது. குரலில் மாற்றமோ விழுங்குவதில் சிரமமோ இல்லை. குடும்பத்தில் எவருக்கும் தைராய்டு புற்றுநோய் வந்ததில்லை. சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எதுவும் தரப்பட்டதில்லை. கையால் தொட்டுப் பார்க்கும்போது சுரப்பி முழுவதும் கெட்டியாக, மேடுபள்ளமாக இருந்தது. இட மடலில் தனியாக ஒரு கட்டியும், அதற்கு வெளிப்புறமாகக் கழுத்தின் நடு உயரத்தில் சிறு முடிச்சு ஒன்றும் தட்டுப்பட்டன.

முதலில் எடுக்கப்பட்ட ஸ்கேனின் அறிக்கை, இட மடலில் புற்றுநோய் ஐயத்துக்குரிய கட்டி என்றும், கழுத்தின் நடுப்பகுதியிலும் இரு பக்கங்களிலும் பல நிணநீர் முடிச்சுகள் வீங்கியுள்ளதால் புற்றுப் பரவல் இருக்கலாம் என்றும் குறிப்பிட்டிருந்தது. அதன் அடிப்படையில், தைராய்டு முழுவதையும் அகற்றுவதோடு இரு பக்கக் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் இரண்டாவது கருத்து கேட்டு வந்தபோது எழுப்பிய கேள்வி நேரடியானது: அறுவைக்குப் பிறகு வகுப்பில் நின்று பாடம் நடத்தக் குரல் இருக்குமா? சிகிச்சைத் திட்டத்தில் இக்கேள்விக்கு உரிய இடம் உண்டு. குரல்நாண்களை இயக்கும் நரம்புகள் இரண்டும் அறுவை நடக்கும் அதே குறுகிய இடத்தின் வழியாகத்தான் செல்கின்றன. ஒருபக்க அறுவையில் ஆபத்துக்கு உள்ளாவது ஒரு நரம்பு. இரு பக்கமும் விரிந்தால் இரண்டுமே ஆபத்துக்கு உள்ளாகின்றன.

இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் இயக்குநீரான டி.எஸ்.எச். 5.1 என்று சற்றே உயர்ந்திருந்தது. ஹாஷிமோட்டோ அழற்சியின் அடையாளமான தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள் மிக அதிகம். தைராய்டு புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் 412 அலகுகள். கால்சியம் இயல்பு. வைட்டமின் டி 14 நானோகிராம் மட்டுமே இருந்ததால் அறுவைக்கு முன்பே அதை ஈடுசெய்யும் மருந்து தொடங்கப்பட்டது. சிறு விவரமாகத் தோன்றினாலும், அறுவைக்குப் பின், இரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் நாள்களில், வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்குக் கால்சியம் சரிவைத் தாங்குவது கடினமாகிறது. கருவி கொண்டு குரல்வளையைப் பார்த்ததில் இரு குரல்நாண்களும் நன்றாக அசைந்தன.

ஸ்கேனை மறுபடி படித்தது

அழற்சி உள்ள கழுத்தை ஸ்கேன் செய்பவர் ஒவ்வொரு முடிச்சையும் தனியாகப் பார்த்து, இடம் குறித்து எழுத வேண்டும். "பல முடிச்சுகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்ட அறிக்கையை வைத்து அறுவையைத் திட்டமிட முடியாது. ஆகவே ஸ்கேன் மறுபடியும் எடுக்கப்பட்டு, கழுத்தின் வரைபடம் ஒன்றில் முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன.

சுரப்பி முழுவதும் கருமை கூடியும், இடையிடையே வெண்ணிற நார்க்கோடுகளோடும் இருந்தது. நெடுநாள் ஹாஷிமோட்டோ அழற்சியின் தோற்றம் இதுவே. இட மடலின் நடுவில் 18 மில்லிமீட்டர் அளவில், அகலத்தைவிட உயரம் கூடிய, ஓரங்கள் ஒழுங்கற்ற, நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் கொண்ட கட்டி இருந்தது. மூச்சுக்குழலின் இருபுறமும், தைராய்டின் கீழ் முனைகளை ஒட்டியும், 5 முதல் 9 மில்லிமீட்டர் வரையான முடிச்சுகள் வரிசையாக இருந்தன. அவை நீள்வட்ட வடிவில், ஒரே சீரான கருமையோடு காணப்பட்டன. சிலவற்றில் நடுவே தெரிய வேண்டிய கொழுப்பு மையம் தெரியவில்லை. வலப்பக்கக் கழுத்தில் இருந்த முடிச்சுகள் எல்லாம் கொழுப்பு மையம் தெளிவாகத் தெரிந்த நீள்வட்ட முடிச்சுகள். இடப்பக்கத்தில் கரோட்டிட் தமனிக்கு வெளியே, கழுத்தின் நடு உயரத்தில், 11 மில்லிமீட்டர் அளவில் உருண்டையான முடிச்சு ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. அதன் ஒரு பகுதி வெண்மை கூடியிருந்தது. உள்ளே நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தன. இரத்த ஓட்டம் மையத்தில் இல்லாமல் ஓரத்தைச் சுற்றி ஓடியது.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. கொழுப்பு மையம் தெரியாமல் போவது புற்று பரவிய முடிச்சுகளில் பெரும்பாலும் காணப்படுவதுதான். ஆனால் புற்று இல்லாத எண்ணற்ற முடிச்சுகளிலும், குறிப்பாக அழற்சியால் வீங்கியவற்றிலும், அதே தோற்றம் இருக்கிறது. எனவே அது தனியாக எதையும் நிறுவுவதில்லை. மாறாக, நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளும், முடிச்சுக்குள் நீர்ப்பை போன்ற மாற்றமும் அரிதாகவே காணப்பட்டாலும், காணப்படும் இடத்தில், தைராய்டு புற்றுநோய்களில் மிகவும் பொதுவான வகையான பாப்பிலரி புற்றுநோயின் பரவலையே வலுவாகச் சுட்டுகின்றன. முதல் அறிக்கை இவ்விரு வகை அடையாளங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. இதனால் வலப்பக்கத்தில் இல்லாத அச்சம் எழுந்தது என்பது ஒரு குறை. இடப்பக்கத்தின் அந்த ஒற்றை முடிச்சு கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோனது அதைவிடப் பெரிய குறை. அழற்சியின் பெயரால் உண்மையான பரவலைத் தள்ளிவிடுவது, பரவல் இல்லாத இடத்தில் பரவலைக் காண்பதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

ஊசிப் பரிசோதனை சொன்னது

இட மடல் கட்டியின் ஊசிப் பரிசோதனை பாப்பிலரி புற்றுநோயை உறுதிசெய்தது. ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறாகப் பிரிக்கும் பெதஸ்தா வகைப்பாட்டில், புற்று என்று குறிக்கும் ஆறாம் வகை. அழற்சி உள்ள சுரப்பியில் இந்த முடிவை எட்டுவதற்கும் அனுபவமுள்ள நோய்க்கூறு மருத்துவர் தேவை. நெடுநாள் அழற்சியில் தைராய்டு செல்கள் பருத்து, உட்கருக்கள் வெளிறி, புற்றுசெல்களைப் போன்ற தோற்றத்தைப் பெறக்கூடும். அதனால் ஐயத்துக்குரிய இடைநிலை முடிவுகள் இவர்களுக்குக் கூடுதலாக வருவதுண்டு.

இடப்பக்கத்து உருண்டை முடிச்சிலிருந்து எடுத்த மாதிரியில் நிணநீர் முடிச்சில் இயல்பாக இருக்கும் வெள்ளணுக்களான லிம்போசைட்டுகள் மட்டுமே தெரிந்தன. புற்றுசெல் ஒன்றும் இல்லை. அழற்சி உள்ளவரிடம் இத்தகைய முடிவு வந்தால், அழற்சியால் வீங்கிய முடிச்சு என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது மிக எளிது. ஆனால் அதே ஊசியை உப்புநீரில் கழுவி, அந்த நீரில் தைரோகுளோபுலின் அளவும் பார்க்கப்பட்டிருந்தது. அது 640 நானோகிராம். தைரோகுளோபுலின் தைராய்டு செல்கள் மட்டுமே உருவாக்கும் புரதம். பக்கக் கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சு ஒன்றுக்குள் அது இவ்வளவு இருக்க வேறு காரணமில்லை. 2013-ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தைராய்டு சங்க வழிகாட்டுதல், கழுவிய நீரில் 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி கொள்ளலாம், 10-ஐத் தாண்டினால் பரவல் என்று ஐயுறலாம், இடைப்பட்டதைச் செல் பரிசோதனையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம் என்கிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு இந்த அளவு ஓரளவு குறைத்துக் காட்டப்படலாம். ஆனாலும் இவ்வளவு உயர்ந்த முடிவை அது மறைத்துவிடாது. வலப்பக்கத்தில் இருந்தவற்றுள் பெரிய முடிச்சிலும் இதே பரிசோதனை செய்யப்பட்டது. லிம்போசைட்டுகள் மட்டுமே இருந்தன. கழுவிய நீரில் தைரோகுளோபுலின் 1-க்கும் கீழ்.

மூச்சுக்குழலை ஒட்டிய நடுப்பகுதி முடிச்சுகளில் ஊசி போடவில்லை. தைராய்டு இன்னும் உள்ளே இருக்கும்போது அந்த முடிச்சுகளை எட்டும் ஊசி சுரப்பியைத் தொட்டுச் செல்ல வாய்ப்பு மிகுதி. அப்படித் தொட்டால் கழுவிய நீரின் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். மேலும், சுரப்பி மறைப்பதால் இப்பகுதியை ஸ்கேன் தெளிவாகக் காட்டுவதும் இல்லை. எனவே நடுப்பகுதியின் கேள்விக்கு விடை அறுவை அரங்கிலேயே கிடைக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு எடுப்பது என்ற முடிவு

இடப்பக்கக் கழுத்தில் பரவல் நிறுவப்பட்டுவிட்டதால் சில முடிவுகளில் விவாதத்துக்கு இடமில்லை. தைராய்டு முழுவதையும் அகற்ற வேண்டும். இடப்பக்கக் கழுத்தின் முடிச்சுகளை, தென்படும் ஒன்றை மட்டும் கிள்ளி எடுக்காமல், அதைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவோடு பகுதி பகுதியாக முழுமையாக எடுக்க வேண்டும். இடப்பக்க நடுப்பகுதியையும் எடுக்க வேண்டும். பக்கக் கழுத்தை எட்டிய புற்று பெரும்பாலும் நடுப்பகுதி வழியாகவே சென்றிருக்கும்.

விவாதம் வலப்பக்க நடுப்பகுதியைப் பற்றியது. அங்கே 9 மில்லிமீட்டர் வரை வீங்கிய முடிச்சுகள் இருந்தன. அழற்சி இல்லாத ஒருவரிடம் அதே காட்சி இருந்திருந்தால் பல அறுவை மருத்துவர்கள் அதையும் எடுத்திருப்பார்கள். அந்த முடிவைத் தவறென்று சொல்ல முடியாது. இவரிடம் அந்த வீக்கத்தை விளக்க 7 ஆண்டு அழற்சியே போதும்.

2009-ஆம் ஆண்டு அமெரிக்கத் தைராய்டு சங்கம் வெளியிட்ட ஒருமித்த வரையறையின்படி, நடுப்பகுதி அறுவை என்பது குரல்வளைக்கு முன்னும் மூச்சுக்குழலுக்கு முன்னும் உள்ள முடிச்சுகளோடு, மூச்சுக்குழலின் ஒரு பக்கமாவது உள்ள முடிச்சுகளை முழுமையாக அகற்றுவதைக் குறிக்கும். மேலே நாவடி எலும்பு, பக்கங்களில் கரோட்டிட் தமனிகள், கீழே மார்புக்கூட்டின் வாயிலில் உள்ள பெருந்தமனிக் கிளை ஆகியவை எல்லைகள். இந்தச் சிறிய பெட்டிக்குள்தான் குரல்நாண் நரம்புகள் இரண்டும், கீழ்ப் பாராதைராய்டு சுரப்பிகளும், அவற்றுக்கு இரத்தம் தரும் மயிரிழை போன்ற நாளங்களும் அடங்கியிருக்கின்றன. அதே சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பரவல் தெரிந்த பகுதியை அறுவை செய்வதை வலியுறுத்துகிறது. பரவல் தெரியாத சிறிய கட்டிகளில் முன்னெச்சரிக்கையாக நடுப்பகுதியை எடுக்க வேண்டியதில்லை என்கிறது. கட்டி பெரிதாக இருந்தாலோ பக்கக் கழுத்தில் பரவல் இருந்தாலோ அதைக் கருதிப் பார்க்கலாம் என்கிறது. எடுக்கலாம் என்று இருக்கும் இந்த இடத்தில்தான் மருத்துவரின் தீர்ப்பு தேவைப்படுகிறது.

இத்தாலியின் பைசா நகரில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. முடிச்சுகளில் பரவல் தென்படாத 181 பாப்பிலரி புற்றுநோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குத் தைராய்டு மட்டும் அகற்றப்பட்டது. மற்றதற்கு அதோடு நடுப்பகுதி முடிச்சுகளும் எடுக்கப்பட்டன. 5 ஆண்டுக்குப் பிறகு நோய் நிலையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. கூடுதலாக அறுவை செய்யப்பட்டவர்களுக்கு, மிஞ்சிய தைராய்டு திசுவை அழிக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை திரும்பத் திரும்பத் தேவைப்படுவது குறைந்தது. ஆனால் நிரந்தரப் பாராதைராய்டு குறைபாடு அவர்களுக்கே அதிகம் வந்தது. நம் நோயாளி அந்த ஆய்வின் நோயாளிகளைப் போன்றவர் அல்லர். இவருக்குப் பரவல் உண்டு. ஆயினும் சான்றில்லாத வலப்பக்கத்துக்கு அந்த ஆய்வு சொல்லும் எச்சரிக்கை பொருந்தும் என்பது அறுவைக் குழுவின் கருத்து. நிரந்தரப் பாராதைராய்டு குறைபாடு என்பது அறிக்கையில் ஒரு சதவீதமாக எழுதப்பட்டுக் கடந்துபோகும் சொல். அனுபவிப்பவருக்கோ அது நாள்தோறும் பலமுறை விழுங்கும் மாத்திரைகள், மாத்திரை தவறினால் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் வரும் மரமரப்பு, தசை இழுப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகத்தில் சேரும் சுண்ணாம்பு.

அழற்சி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று கருதக் காரணம் உண்டு. சுரப்பி சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்ட இடமெல்லாம் இரத்தம் கசிகிறது. சிறிதாக வீங்கிய நிணநீர் முடிச்சும் பாராதைராய்டு சுரப்பியும் பழகிய கண்ணுக்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இந்த நோயாளிகளின் அறுவை மாதிரிகளில் அறியாமல் அகற்றப்பட்ட பாராதைராய்டு திசு இருப்பதை நோய்க்கூறு மருத்துவர்கள் அவ்வப்போது கண்டறிந்து சொல்வது இதனால்தான்.

இவற்றை எல்லாம் வைத்து எடுத்த முடிவு: இடப்பக்க நடுப்பகுதியும் இடப்பக்கக் கழுத்தும் முழுமையாக அறுவை செய்யப்படும். வலப்பக்க நடுப்பகுதியில் பெரிதாகத் தெரியும் ஓரிரு முடிச்சுகள் மட்டும் எடுக்கப்பட்டு, அறுவை நடக்கும்போதே உறையவைத்த திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். புற்று இருந்தால் அந்தப் பக்கமும் முழுமையாக எடுக்கப்படும். இல்லையென்றால் அப்படியே விடப்படும். ஓரிரு முடிச்சுகளை எடுப்பது சிகிச்சை ஆகாது. அது தகவலுக்காக மட்டுமே என்பதும், அந்தத் தகவல் மற்ற முடிச்சுகள் அனைத்துக்கும் உத்தரவாதம் தராது என்பதும் நோயாளிக்கும் அவருடைய கணவருக்கும் விளக்கப்பட்டன. அறுவையின் எல்லை அரங்கிலேயே மாறக்கூடும் என்பதால் இரு வாய்ப்புகளுக்கும் ஒப்புதல் பெறப்பட்டது.

அறுவை அரங்கில்

நரம்பு இயக்கத்தைக் கண்காணிக்கும் கருவியோடு அறுவை தொடங்கியது. குரலின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை மேல் நாளங்களைக் கட்டும் இடத்தில்தான் எளிதில் சேதமடைகிறது. ஆசிரியை என்பதால் அதைத் தேடிக் கண்டு காப்பதில் தனிக் கவனம் செலுத்தப்பட்டது. குரல்வளைக்கு முன்னிருந்த டெல்ஃபியன் முடிச்சு பெரிதாக இருந்தது. அழற்சி உள்ளவர்களிடம் அது அடிக்கடி வீங்கியிருக்கும்; அதுவும் எடுக்கப்பட்டது.

இடப்பக்கத்தில் நரம்பு அதன் முழு நீளத்துக்கும் வெளிக்கொணரப்பட்டு, அதைச் சுற்றியிருந்த கொழுப்பும் முடிச்சுகளும் ஒரே துண்டாக அகற்றப்பட்டன. இட மேல் பாராதைராய்டு அதன் நாளத்தோடு இருந்த இடத்திலேயே காக்கப்பட்டது. இடக் கீழ்ப் பாராதைராய்டு முடிச்சுகளுக்கு நடுவே கொழுப்பில் புதைந்திருந்தது. இரத்த ஓட்டத்தோடு அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அகற்றிய துண்டை மேசைமேல் விரித்துத் தேடி, சற்றே பழுப்பு நிறத்தோடு தோன்றிய சிறு பொருள் தனியாக எடுக்கப்பட்டது. அதிலிருந்து கடுகளவு துணுக்கு உறையவைத்த பரிசோதனைக்குச் சென்றது. பாராதைராய்டுதான் என்று உறுதியான பிறகு, மீதி நுண்ணிய துண்டுகளாக நறுக்கப்பட்டுக் கழுத்தின் பக்கத் தசைக்குள் பதிக்கப்பட்டது. அந்த உறுதிப்பாடு இல்லாமல் பதிப்பது அழற்சி உள்ளவரிடம் இருமடங்கு தவறு. நிணநீர் முடிச்சு ஒன்றைப் பாராதைராய்டு என்று எண்ணித் தசைக்குள் வைத்தால், அதில் புற்று இருக்கும் பட்சத்தில் நம் கையாலேயே நோயை நட்டதாகிவிடும்.

வலப்பக்கத்தில் மூச்சுக்குழலை ஒட்டிய இரண்டு முடிச்சுகள் அனுப்பப்பட்டன. இரண்டிலும் பெருகிய லிம்போசைட்டுக் கூட்டங்கள் மட்டுமே, புற்று இல்லை. வலப்பக்க நடுப்பகுதியில் அதற்குமேல் அறுவை செய்யவில்லை. அங்கிருந்த இரு பாராதைராய்டு சுரப்பிகளும் தொடப்படாமல் நின்றன.

இடப்பக்கக் கழுத்தில் தாடைக்குக் கீழிருந்து காறையெலும்பு வரை, தோளை இயக்கும் நரம்பைக் காத்து, முடிச்சுகள் அகற்றப்பட்டன. கழுத்தின் இடக் கீழ்மூலையில் மார்பு நிணநீர்க் குழாய் சிரையில் சேர்கிறது. அது கிழிந்தால் கொழுப்பு கலந்த நிணநீர் நாள்கணக்கில் வடியும். அங்கிருந்த சிறு குழாய்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டு, மயக்க மருத்துவர் நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டிப் பிடித்த நிலையில் கசிவு இல்லை என்பது உறுதிசெய்யப்பட்டது.

திசு அறிக்கையும் அதைப் படிக்கும் விதமும்

கட்டி 17 மில்லிமீட்டர், வழக்கமான வகைப் பாப்பிலரி புற்றுநோய். சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. சுரப்பியின் மற்றப் பகுதி முழுவதும் லிம்போசைட்டு அழற்சி. டெல்ஃபியன் முடிச்சு உட்பட இடப்பக்க நடுப்பகுதியில் 14 முடிச்சுகள். அவற்றுள் 2-இல் புற்று, பெரியது 4 மில்லிமீட்டர். இடப்பக்கக் கழுத்தில் 31 முடிச்சுகள். 2-இல் புற்று, பெரியது 12 மில்லிமீட்டர், முடிச்சின் உறைக்கு வெளியே பரவவில்லை. வலப்பக்கத்தில் எடுத்த இரண்டிலும் புற்று இல்லை.

பரவிய சுண்ணாம்புப் புள்ளிகளும் அழற்சியும் சேர்ந்து தென்படும்போது வேறொரு வகையை விலக்க வேண்டியிருக்கிறது. பாப்பிலரி புற்றுநோயில், சுரப்பி முழுவதும் நார்த்திசு படரும் வகையிலும் சுரப்பி முழுவதும் லிம்போசைட்டுகள் நிறைந்திருக்கும். இளம் வயதினரிடம் வரும் அது முடிச்சுகளுக்கு மிகுதியாகப் பரவும் இயல்பு கொண்டது. ஸ்கேனில் அதை வெறும் ஹாஷிமோட்டோ அழற்சி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. இந்த மாதிரியில் அந்த வகை இல்லை என்று நோய்க்கூறு மருத்துவர் தனியாகக் குறிப்பிட்டார்.

மொத்தம் 47 முடிச்சுகளில் 4-இல் புற்று. சில ஆய்வுகளில் இந்த விகிதம் நோயின் போக்கைச் சொல்லும் குறியீடாகப் பயன்படுத்தப்படுகிறது. அழற்சி உள்ளவர்களிடம் அதை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அழற்சியால் பருத்த சிறு முடிச்சுகள் நோய்க்கூறு மருத்துவரின் கண்ணுக்கு எளிதில் படுவதால் மொத்த எண்ணிக்கை உயர்கிறது. அதனாலேயே விகிதம் தாழ்கிறது. புற்று அப்படியே இருக்க, வகுக்கும் எண் மட்டும் வளர்ந்திருக்கிறது.

ஹாஷிமோட்டோ அழற்சி புற்றுநோயைக் கட்டுக்குள் வைக்கிறது என்ற கருத்தையும் இதே எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டு திசுக்களை விவரித்து இந்நோயை உலகுக்கு அறிமுகம் செய்தார். 1955-இல் அமெரிக்காவில் டெய்லியும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினர். அன்றிலிருந்து, அழற்சி உள்ள புற்றுநோயாளிகளுக்கு முடிச்சுப் பரவல் குறைவு, நோய் திரும்புவதும் குறைவு என்று பல தொகுப்பாய்வுகள் கூறியுள்ளன. புற்றை எதிர்க்கும் லிம்போசைட்டுகள் காரணமாக இருக்கலாம். ஆனால் அழற்சி உள்ளவர்கள் தைராய்டு மருத்துவரிடம் அடிக்கடி செல்பவர்கள், அடிக்கடி ஸ்கேன் எடுப்பவர்கள். அவர்களுடைய கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்டறியப்படுகிறது என்ற எளிய விளக்கமும் அதே எண்களுக்குப் பொருந்துகிறது. ஒரு கூட்டத்தின் சராசரி நற்செய்தியை நம்பி, முன்னே அமர்ந்திருக்கும் ஒருவரின் 11 மில்லிமீட்டர் முடிச்சில் ஊசி போடாமல் விட முடியாது.

அறுவைக்குப் பின்

மறுநாள் பாராதைராய்டு இயக்குநீர் 8 பிக்கோகிராமுக்கு இறங்கியது, கால்சியம் 7.6. விரல்நுனிகளில் மரமரப்பு இருந்தது. வாய்வழிக் கால்சியமும், வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரியாலும் தரப்பட்டன. வாரங்கள் செல்ல மருந்துகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 10 வாரங்களில் முற்றிலும் நிறுத்தப்பட்டன. வலப்பக்கச் சுரப்பிகள் இரண்டையும் தொடாமல் விட்டதால் இந்த மீட்சி நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் மீட்சிக்கான வாய்ப்பை அது கூட்டியது என்பதில் ஐயமில்லை. குரல் முதல் சில வாரங்கள் எளிதில் களைத்தது. குரல்நாண்கள் இரண்டும் இயல்பாக அசைந்தன. தோளுக்குப் பயிற்சிகள் சொல்லித்தரப்பட்டன. கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் வகுப்புக்குத் திரும்பினார்.

புற்றுநோய் எந்த நிலையில் உள்ளது என்று வகுக்கும் முறையின், 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பில், 55 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொலைவு உறுப்புகளில் பரவல் இல்லையென்றால் முடிச்சுகள் எப்படியிருந்தாலும் முதல் நிலையே. நோயாளிக்கு இதைச் சொல்லும்போது அதன் பொருளையும் சொல்ல வேண்டும்: உயிருக்கான ஆபத்து மிகக் குறைவு என்பதை மட்டுமே அந்த எண் குறிக்கிறது, கழுத்தில் நோய் திரும்பும் வாய்ப்பை அது அளப்பதில்லை. அந்த வாய்ப்பின் அளவுகோலில், அறுவைக்கு முன்பே பரவல் தெரிந்ததால் இவர் இடைநிலைக் குழுவைச் சேர்ந்தவர்.

கதிரியக்க அயோடின் 50 மில்லிகியூரி தரப்பட்டது. குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு அயோடின் இல்லாமலே பின்தொடர்வது 3 ஆண்டு முடிவில் எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல என்று 2022-இல் வெளிவந்த பிரான்ஸ் நாட்டு ஆய்வு காட்டியுள்ளது. ஆனால் அது முடிச்சுப் பரவல் அற்ற சிறு கட்டி உள்ளவர்களைப் பற்றியது. இவருக்கு அயோடினைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் அழற்சியே. வழக்கமாக, அறுவைக்குப் பின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மிச்ச நோயைக் கணிக்கிறோம். இவருடைய இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதால், நடைமுறையில் உள்ள பரிசோதனை அந்தப் புரதத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அவருடைய முடிவு 0.1-க்கும் கீழ் என்று வந்தது. அது ஆறுதல் தரும் எண்ணாகத் தோன்றினாலும் அதற்கு மதிப்பில்லை. அயோடினுக்குப் பின் எடுத்த முழுவுடல் படம், தைராய்டு இருந்த இடத்தில் மட்டும் சிறு ஒளிர்வைக் காட்டியது. அடுத்த 6 மாதமேனும் கருத்தரிப்பைத் தவிர்க்க அறிவுறுத்தப்பட்டது.

இத்தகையவர்களைப் பின்தொடர எதிர்ப்பொருளையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. தைராய்டு திசு முழுவதும் போய்விட்டால், எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருளும் இல்லாமல் போகிறது. அதன் அளவு மெல்லத் தேய்கிறது. முற்றிலும் மறைய ஏறத்தாழ 3 ஆண்டு ஆகலாம். இவரிடம் 412 என்று இருந்தது 6 மாதத்தில் 210, 12 மாதத்தில் 96, 24 மாதத்தில் 31 என்று இறங்கிவந்தது. ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் அளந்தால் மட்டுமே இந்த வரிசைக்குப் பொருள் உண்டு. ஆய்வகம் மாறினால் எண் மாறும், நோய் மாறியதாகத் தோன்றும். இறங்கிவந்த அளவு மீண்டும் ஏறினால், கழுத்தை உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஓராண்டு ஸ்கேனில் வலப்பக்கக் கீழ்க்கழுத்தில் 9 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று, கொழுப்பு மையம் தெரியாமல், தென்பட்டது. சுண்ணாம்புப் புள்ளிகளோ நீர்ப்பை மாற்றமோ இல்லை. நோயாளி மிகவும் கலங்கிப்போனார். காத்திருந்து பார்ப்பதும் ஏற்கத்தக்க வழியே. எனினும் அவருடைய கலக்கத்தைக் கருதி ஊசிப் பரிசோதனை செய்யப்பட்டது. லிம்போசைட்டுகள் மட்டும், சுரப்பி இப்போது இல்லாத நிலையில் கழுவிய நீரின் தைரோகுளோபுலின் 0.5-க்கும் கீழ் என்று வந்தது முழு நம்பிக்கை தரும் முடிவு. விட்டுவைத்த வலப்பக்க நடுப்பகுதி முடிச்சுகள் இரண்டாம் ஆண்டு ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் இல்லாத அளவுக்குச் சுருங்கியிருந்தன.

இப்போது லெவோதைராக்சின் அளவு, டி.எஸ்.எச். 0.5-க்கும் 2-க்கும் இடையில் நிற்கும்படி தளர்த்தப்பட்டுள்ளது; முதல் இரண்டு ஆண்டுகள் அது 0.1 முதல் 0.5 வரை அடக்கி வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பொருள் 6 மாதத்துக்கு ஒருமுறையும், கழுத்து ஸ்கேன் ஆண்டுக்கு ஒருமுறையும் தொடர்கின்றன. எதிர்ப்பொருள் முற்றிலும் மறைந்த பிறகு தைரோகுளோபுலின் அளவு முதன்முறையாக நம்பத்தக்கதாகும். அந்த முடிவைப் பார்த்த பின்னரே ஸ்கேன் இடைவெளியை நீட்டுவது பற்றி முடிவெடுக்கப்படும்.